மறுபடியும் ஒரு சீட்டுக்கட்டும் நாலு காசும்

நாலு வருஷம் கழித்து, போன மாதத்திலிருந்து மறுபடியும் மேஜிக் பழக ஆரம்பித்திருக்கிறேன். எனக்கு இப்போது 17 வயது. சம்பாத்தியம் கிடையாது, வீட்டில் கொடுப்பது கைச்செலவுக்கே சரியாகப் போய்விடும், அதனால் இந்தத் தடவை புதிதாக ஒரு பொருள்கூட வாங்கவில்லை. ஆனால் இப்போது பழகுகிற மாதிரி நான் முன்பு ஒருநாளும் பழகியதில்லை. அதை எழுதி வைக்கவேண்டும் என்று தோன்றியது.

ஆரம்பித்து வைத்தது என் தங்கைதான். ஏதோ ஒரு நோட்டைத் தேடி மேஜை டிராயரைக் குடைந்துகொண்டிருந்தபோது, 13 வயதில் நான் சேர்த்து வைத்திருந்த மேஜிக் சாமான் டப்பா அவள் கையில் கிடைத்தது. சீட்டை மாற்றிக் காட்டும் பிளாஸ்டிக் பெட்டி, அறுந்துபோன எலாஸ்டிக் நூல், நடுவில் மடங்குகிற மாதிரி வெட்டிய காசு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினாள். "இதெல்லாம் வச்சு நீ என்ன செஞ்சேன்னு எனக்கு ஞாபகமே இல்லண்ணா. ஆனா என் கையில இருந்த காசை வாங்கி காணாம ஆக்கினியே, அது மட்டும் ஞாபகம் இருக்கு. அதைச் செய்யேன்" என்றாள். அப்போது அவளுக்கு ஆறு வயது, இப்போது பத்து.

அவள் சொன்ன அந்த வித்தைக்கு நான் ஒரு பைசா செலவழிக்கவில்லை. நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தில் முதல் சில பக்கங்களில் இருந்தது. அந்த டப்பாவில் இருந்த மற்ற எல்லாமே காசு சேர்த்து, நாள் எண்ணிக் காத்திருந்து வாங்கியவை. அதில் ஒன்றுகூட அவள் மனதில் தங்கவில்லை. அன்று இரவு தூக்கம் வராமல் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மேஜிக்கை நான் விட்டதற்குக் காரணமும் அந்த டப்பாதான். ஒரு விளம்பர வீடியோ பார்ப்பேன். அதில் வித்தையைவிட பார்ப்பவர்களின் முகம்தான் அதிக நேரம் வரும், வாயைப் பிளப்பார்கள், கத்துவார்கள், ஓடுவார்கள், முக்கியமான இடத்தில் கேமரா சட்டென்று வேறு பக்கம் போய்விடும். இரண்டு மாதம் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்கினால் ஒரு சின்ன பாக்கெட் வரும், உள்ளே கொஞ்சம் நூலும் ஒரு துண்டுக் காகிதமும் இருக்கும். நூல் இரண்டாம் நாளே அறுந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை, அந்தச் சாமான்கள் எனக்கு எதையும் கற்றுத் தரவில்லை என்பதுதான் உண்மையான நஷ்டம். ஒரு விசேஷத்தில் பத்துப் பேர் முன்னால் அந்தப் பிளாஸ்டிக் பெட்டியை எடுத்தேன், மாமா ஒருவர் "அந்தப் பெட்டியைக் கொடு பார்க்கலாம்" என்று கையை நீட்டினார். என்னால் கொடுக்க முடியவில்லை. பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நகர்ந்தேன், அதோடு நாலு வருஷம் போய்விட்டது.

இப்போது யோசித்தால் அந்த மாமா கேட்டதில் தப்பே இல்லை. விசித்திரமான ஒரு பெட்டியைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் பெட்டி மேல்தான் போகும். அவருடைய சட்டைப் பையிலிருந்தே ஒரு காசை வாங்கியிருந்தால் அவர் எதைக் கேட்டிருப்பார்?

சரி, இப்போது என்னிடம் இருப்பவை: வீட்டில் கிடந்த ஒரு பழைய சீட்டுக்கட்டு, அதில் ஆட்டின் ஏழும் கிளாவர் மூன்றும் தொலைந்துபோய் 50 சீட்டு இருக்கிறது. ஒரே அளவில் நாலு காசு. நாலாக மடித்த ஒரு பழைய கம்பளித் துணி. வீடியோ எடுக்க ஒரு ஃபோன். அவ்வளவுதான்.

கம்பளித் துணியை ஏன் சேர்த்தேன் என்றால், வெறும் மேஜை மேல் சீட்டை வைத்தால் எடுக்க நகம் வேண்டும், துணி மேல் என்றால் விரல் நுனி சீட்டுக்கு அடியில் சுலபமாக நுழையும். காசு விழுந்தாலும் சத்தம் வராது. காசு பழகுகிறவர்கள் கட்டில் மேல் உட்கார்ந்து பழகுவது நல்லது, ஆரம்பத்தில் நிமிஷத்துக்கு ஒரு தடவை கீழே விழும், ஒவ்வொரு தடவையும் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தால் பழகுகிற ஆசையே போய்விடும்.

நாலு காசும் தேய்ந்த பழைய காசாக இருந்தால் இன்னும் நல்லது. புதுக் காசு ஒன்றோடொன்று பட்டால் கணீரென்று ஒலிக்கும், தேய்ந்த காசின் சத்தம் மங்கல். கைக்குள் ஒளித்து வைத்த காசு காட்டிக் கொடுக்காமல் இருக்க அது உதவும். விளிம்பில் வரிவரியாக இருந்தால் உள்ளங்கையில் நன்றாகப் பிடிக்கும். ஆங்கிலப் புத்தகங்களில் அமெரிக்க அரை டாலரை வைத்துத்தான் சொல்லிக் கொடுப்பார்கள், 30 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் அதிகமான குறுக்களவு அதற்கு. அதே காசைத் தேடிப் பணம் கொடுத்து வாங்கவேண்டும் என்று 13 வயதில் நம்பியிருந்தேன். தேவையே இல்லை. கட்டைவிரல் மேட்டுக்கும் எதிர்ப்பக்கச் சதைக்கும் நடுவில் நிற்கிற எந்தக் காசும் போதும்.

இப்படி உள்ளங்கை நடுவில் நிறுத்துவதற்கு கிளாசிக் பாம் என்று பெயர். முதல் வாரம் கை வலித்தது, ஏனென்றால் நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். அழுத்தினால் கட்டைவிரல் உள்ளே மடங்கி, கை ஒரு நண்டு மாதிரி விறைத்து நிற்கும், பார்க்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். காசு விழாமல் இருக்க எவ்வளவு குறைவாக அழுத்தினால் போதும் என்று கண்டுபிடிப்பதுதான் பயிற்சி. அதனால் இப்போது காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே எல்லா வேலையும் செய்கிறேன்: கதவு திறப்பது, புத்தகம் புரட்டுவது, எழுதுவது. கையில் ஒன்று இருக்கிறது என்பதே மறந்துபோகிற நிமிஷத்தில்தான் கை இயல்பாகத் தெரிகிறது. மேடையில் வெறும் காற்றிலிருந்து காசு பறித்துக் காட்டி 'காசுகளின் ராஜா' என்று பெயர் வாங்கிய டி. நெல்சன் டவுன்ஸ், அதற்கு முன் ரயில்வேயில் தந்தி அனுப்புகிற வேலையில் இருந்தவர். வேலைக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் காசை வைத்துப் பழகிப் பழகித்தான் அந்த இடத்துக்கு வந்தார் என்பது எனக்குப் பெரிய தைரியம்.

தங்கை கேட்ட வித்தைக்கு வருகிறேன். அதற்கு ஃபிரெஞ்ச் டிராப் என்று பெயர். இடது கை விரல் நுனியில் காசைப் பிடித்திருப்பீர்கள், வலது கை வந்து அதை எடுப்பது போல மூடும், ஆனால் காசு வலது கைக்குப் போகாமல் இடது கைக்குள்ளேயே விழுந்துவிடும். இது ரகசியமே இல்லை, எல்லா ஆரம்பப் புத்தகத்திலும் இருக்கிறது. தெரிந்தவர்கள் ஆயிரம் பேர், நம்பும்படி செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு. 13 வயதில் நான் செய்ததை இப்போது அப்படியே செய்து ஃபோனில் எடுத்துப் பார்த்தேன். மூன்று தப்பு கண்ணில் பட்டது.

முதலாவது, காசு விழுகிற அதே கணத்தில் நான் கண் சிமிட்டுகிறேன். கண்ணாடி முன்னால் எத்தனை தடவை பழகினாலும் இதைப் பார்க்க முடியாது, சிமிட்டுகிற நேரத்தில் நமக்கே கண் தெரியாதே! ஃபோன் வீடியோவை மெதுவாக ஓட்டியபோது ஒவ்வொரு தடவையும் இமை மூடுவது தெரிந்தது. அந்த இடத்தில் பொய் சொல்லப்போகிறோம் என்று மனதுக்குத் தெரிந்துவிடுகிறது, தன் பொய்யைத் தானே பார்க்கப் பிடிக்காமல் கண் மூடிக்கொள்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். இரண்டாவது, காசு இல்லாத வலது கையை இறுக்கி மூடுகிறேன். நிஜமாகவே காசை எடுத்தால் யாரும் அப்படி இறுக்கமாட்டார்கள். மூன்றாவது, இடது கையை அவசரமாகக் கீழே இறக்குகிறேன், திருடியவன் ஓடுகிற மாதிரி.

இதைச் சரிசெய்ய ஒரே வழிதான் இருக்கிறது, அதற்குப் பொறுமையைத் தவிர ஒன்றும் செலவில்லை. பத்துத் தடவை காசை உண்மையாகவே வலது கையால் எடுக்கவேண்டும். எந்த விரல் முதலில் தொடுகிறது, கண் எப்போது எந்தக் கைக்கு நகர்கிறது, எடுத்த பிறகு இடது கை தானாக எப்படித் தளர்கிறது என்று கவனித்துக்கொண்டே எடுக்கவேண்டும். பதினோராவது தடவை எடுக்காமல் விடவேண்டும், மற்ற எல்லாம் அதே மாதிரி. அப்புறம் மறுபடி பத்து நிஜம், ஒரு பொய். நான் பொய்யைப் பழகுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன், உண்மையில் பழகவேண்டியது நிஜமாக எடுப்பதைத்தான். இரண்டு வாரத்தில் கண் சிமிட்டுவது நின்றுவிட்டது. வீடியோவில் நிஜம் எது, பொய் எது என்று எனக்கே தெரியாத ஒரு தடவை வந்தபோது அதை நாலு முறை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், அந்தச் சந்தோஷத்தை எந்தப் பாக்கெட்டும் எனக்குத் தந்ததில்லை.

சீட்டுக்கு வந்தால் அங்கே ஆசை காட்டுகிறவை இன்னும் அதிகம். ஒவ்வொரு மாதமும் புதிது புதிதாக டிசைன் போட்ட கட்டுகள் வருகின்றன, படத்தைப் பார்த்தாலே கை நீளும். என் கட்டு முழுக்கப் பிளாஸ்டிக் இல்லை, காகிதச் சீட்டு, ஓரமெல்லாம் கறுத்துப்போயிருக்கிறது. விசிறி மாதிரி அழகாக விரியாது. ஆனால் பிளாஸ்டிக் கட்டை விட இது எனக்குப் பிடித்திருக்கிறது, பிளாஸ்டிக் வழுக்கிக்கொண்டே இருக்கும், லேசாக வளைத்தால் அந்த வளைவு நிற்காது. கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் சீட்டைத் தொடுகிறேன், முடிந்ததும் டப்பாவில் போட்டு இரண்டு கனமான புத்தகத்துக்கு அடியில் வைக்கிறேன். என்றாவது ஒரு புதுக் கட்டு கிடைத்தால் அதை மற்றவர்களுக்குச் செய்து காட்ட மட்டும் வைத்துக்கொண்டு, பயிற்சிக்கு இதையே வைத்துக்கொள்வேன்.

டபுள் லிஃப்ட் என்ற ஒன்றில்தான் தினம் அரை மணி நேரம் போகிறது. இரண்டு சீட்டை ஒரே சீட்டு மாதிரி புரட்டிக் காட்டுவது. மேலே இருக்கும் சீட்டு என்று எல்லோரும் நம்புவது உண்மையில் இரண்டாவது. அதை வைத்து எத்தனையோ செய்யலாம், முக்கியமாக நடுவில் செருகிய சீட்டு திரும்பத் திரும்ப மேலே வருகிற அந்த வித்தை. முதலில் எனக்கு வந்த சிக்கல், புரட்டுவதற்கு முன்னால் கட்டைவிரல் ஓரத்தில் தடவித் தடவி இரண்டு சீட்டைத் தேடியது. தேடல் தெரிந்துவிட்டால் புரட்டல் எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. இப்போது முன்கூட்டியே, பேசிக்கொண்டே சீட்டை ஒழுங்குபடுத்துகிற சாக்கில், சுண்டுவிரல் நுனியால் இரண்டு சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன இடைவெளி பிடித்து வைத்துவிடுகிறேன். புரட்டவேண்டிய நேரத்தில் தேட ஒன்றுமில்லை.

நடுவில் செருகிய சீட்டு மேலே வருகிற அந்த வித்தையின் ஒரு வடிவத்தை வைத்துத்தான் 1922-இல் சீட்டு வித்தைக்காரர் டாய் வெர்னன், பெயர்பெற்ற மேஜிக்காரர் ஹூடினியை ஏமாற்றினார். எந்த வித்தையையும் மூன்று தடவை பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஹூடினி. அவர் தன் பெயரின் முதலெழுத்துகளை எழுதிக் கொடுத்த சீட்டு மறுபடி மறுபடி மேலே வந்தது, அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரே வித்தையை ஒரே ஆள் முன்னால் இரண்டாம் தடவை செய்யாதே என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வெர்னன் மூன்றையும் தாண்டிச் செய்தார், கையில் சீட்டைத் தவிர எதுவும் இல்லாமல். பணமில்லை என்று எனக்குச் சோர்வு வருகிற நாளெல்லாம் இந்தச் சம்பவத்தை நினைத்துக்கொள்வேன். அர்ஜென்டினாவின் ரெனே லவாண்டையும் நினைத்துக்கொள்வேன். ஒன்பது வயதில் விபத்தில் வலது கையை இழந்தவர், மிச்சமிருந்த இடது கையால் மட்டும் சீட்டு பழகி, இதைவிட மெதுவாகச் செய்ய முடியாது என்று சொல்லிச் சொல்லி மெதுவாகச் செய்து காட்டினார். வேகமாகச் செய்தால் தப்பு மறையும் என்று நினைத்த எனக்கு அவருடைய வீடியோ ஒரு பெரிய பாடம்.

எங்கே கற்றுக்கொள்வது என்று கேட்டால், இலவசமாகவே நிறைய இருக்கிறது. எர்ட்னேஸ் என்ற பெயரில் 1902-இல் வந்த 'தி எக்ஸ்பர்ட் அட் தி கார்டு டேபிள்' காப்புரிமை முடிந்த புத்தகம், யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம், எழுதியவர் உண்மையில் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. ஆனால் முதல் புத்தகமாக அதை எடுக்காதீர்கள், நடை கடினம், நான் அதில் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் செலவழிக்கிறேன். காசுக்கு போபோவின் 'மாடர்ன் காயின் மேஜிக்' இருக்கிறது, நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள். யூடியூபும் பார்க்கிறேன், ஒரு அசைவு எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள. ஆனால் வீடியோவிலேயே கற்றால் சொல்லிக் கொடுக்கிறவரின் கையும் பேச்சும்கூட நம்மிடம் ஒட்டிக்கொள்கிறது, பத்து வீடியோ தாவித் தாவிப் பார்த்துவிட்டு எதையும் பழகாமல் தூங்கப் போகிற ஆபத்தும் உண்டு. புத்தகத்தில் ஒரு வரியைப் படித்து, சீட்டை எடுத்து, தப்பாகச் செய்து, மறுபடி படிக்கவேண்டும். மெதுவாகத்தான் போகும். போனது நிற்கும்.

என் 50 சீட்டுக் கட்டைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. இரண்டு சீட்டு இல்லாத கட்டை வைத்து என்ன செய்வது என்று முதலில் வருத்தமாக இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், தொலைந்தது ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. ஆக 25 சிவப்பு, 25 கறுப்பு சரியாக இருக்கிறது! அதற்கு ஏற்ற ஒரு கணக்கு மேஜிக் இருக்கிறது, நார்மன் கில்பிரெத் என்பவர் 1958-இல் வெளியிட்ட தத்துவம். சீட்டுகளைச் சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று முன்னாடியே அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். நண்பனிடம் கொடுத்து, மேலிருந்து ஒவ்வொன்றாக மேஜை மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடச் சொல்லுங்கள், ஏறக்குறைய பாதி வந்ததும் அவனே நிறுத்தட்டும். இரண்டு கட்டையும் ஒரே ஒரு முறை பின்னிக் கலைக்கச் சொல்லுங்கள், அதாவது இரண்டின் சீட்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து விழும்படி. அழகாகக் கலைக்க வராவிட்டால் ஒன்றுக்குள் ஒன்றைத் தாறுமாறாகச் செருகினாலும் போதும். இப்போது மேலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு இருக்கும். ஒன்றுகூடத் தப்பாது.

ஏன் என்று தெரிந்துகொள்ள நான் ஒரு மாலை முழுக்கத் தரையில் சீட்டைப் பரப்பி உட்கார்ந்திருந்தேன். எண்ணிப் போட்டதில் அந்தப் பாதி தலைகீழாகிவிட்டது, அதனால் இரண்டு கட்டின் அடிச்சீட்டும் வேறு வேறு நிறம். பின்னும்போது அடியிலிருந்துதான் சீட்டு விழும். ஒரு கட்டிலிருந்து சிவப்பு விழுந்தால், அந்தக் கட்டின் அடிக்கு அடுத்த கறுப்பு வந்து நிற்கும், மற்றதன் அடியில் ஏற்கெனவே கறுப்பு. ஆக அடுத்து எந்தக் கட்டிலிருந்து விழுந்தாலும் கறுப்புதான். ஜோடி சேர்ந்ததும் இரண்டு அடியும் மறுபடி வேறு வேறு நிறமாகிவிடும். கடைசிவரை இப்படியே. இது புரிந்த நிமிஷத்தில் எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன், உட்கார முடியவில்லை. வெர்னனோடு சுற்றுவதற்காக 14 வயதில் வீட்டைவிட்டுப் போன பெர்சி டயகோனிஸ் பின்னாளில் ஸ்டான்போர்டில் கணிதப் பேராசிரியர் ஆனார், ஒரு கட்டைச் சரியாகக் கலைக்க ஏழு தடவை பின்னிக் கலைக்கவேண்டும் என்று 1992-இல் இன்னொருவரோடு சேர்ந்து எழுதியவர் அவர்தான். சீட்டிலிருந்து கணக்குக்கு ஒருவர் எப்படிப் போயிருப்பார் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

வகுப்பில் ஒரு நண்பனுக்கு இதைச் செய்தேன். ஆறாவது ஜோடி வரை சிரித்துக்கொண்டிருந்தான், அப்புறம் பேச்சு நின்றுவிட்டது, கடைசியில் "நான்தானே கலைச்சேன்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னான். கட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தான், பின்பக்கம் தடவினான், எண்ணிப் பார்த்தான். 50 இருக்கிறது, இரண்டு குறைகிறது என்று சந்தேகத்தோடு சொன்னான். ஆமாம், தொலைந்துவிட்டது என்றேன். கேட்டதைக் கொடுக்க முடிந்தது, மறைத்துப் பைக்குள் போட எதுவும் இல்லை. அந்த மாமாவுக்கும் அடுத்த முறை பார்க்கும்போது இதைத்தான் செய்து காட்டப்போகிறேன், கட்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு.

தங்கைக்கு போன ஞாயிற்றுக்கிழமை செய்து காட்டினேன். அவள் கையிலிருந்தே காசை வாங்கினேன், இடது கை விரல் நுனியில் பிடித்தேன், வலது கையால் எடுத்தேன், அதாவது எடுக்கவில்லை. என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்தேன். கொஞ்ச நேரம் வெறும் கையையே பார்த்துவிட்டு, எங்கே போச்சு என்று கேட்காமல், எனக்குச் சொல்லிக்கொடு என்றாள். நீ ஆறு வயதில் பார்த்ததும் இதே மாதிரிதான் இருந்ததா என்று கேட்டேன். இல்லை, அப்போது நீ கையைச் சீக்கிரமாக இழுத்துக்கொண்டாய் என்றாள்.

சொல்லிக்கொடுக்கிறேன், ஆனால் முதலில் பத்துத் தடவை நிஜமாக எடுத்துக் காட்டு என்றேன். கட்டில் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, எடுக்க ஆரம்பித்தாள். மூன்றாவது தடவையிலேயே "இதுல என்ன இருக்கு, நிஜமாத்தானே எடுக்கிறேன்" என்று முகத்தைத் தூக்கினாள். அப்படியே எடு என்று சொல்லிவிட்டு, நான் ஃபோனை அவள் கைக்கு நேராக வைத்தேன்.